பந்தைப் பார்க்காத அக்கா

ஃபுட்பால் பார்க்கிறவர்கள் எல்லோரும் பந்தைத்தான் பார்ப்பார்கள். பந்து போகிற பக்கம் கண்ணும் போகும். அதற்குத்தானே அந்த ஆட்டம். அக்கா பந்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஆளைப் பார்ப்பார். அந்த ஆள் டீவியின் சட்டத்தை விட்டு வெளியே போய்விட்டால், எந்தப் பக்கம் போனானோ அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் மறுபடி உள்ளே வந்த பிறகுதான் மூச்சு விடுவார். பக்கத்தில் இருக்கிற நமக்கும் அதுவரை மூச்சு முட்டும்.

தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டை விட்டு உள்ளே போகும் சந்து ஒன்றில் காயல்பட்டினத்து பாய் ஒருவர் ஜெர்சிப் பட்டறை வைத்திருந்தார். உலகத்திலுள்ள பெரிய கிளப்புகளின் சட்டைகள் எல்லாம் அங்கே தயாராயின. அந்தக் கிளப்புகளுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். நான் கம்ப்யூட்டரில் பேரையும் நம்பரையும் வெட்டிக் கொடுப்பேன். அக்கா அதைச் சட்டையின் முதுகில் வைத்து, சூடான பிரஸ் மெஷினை இறக்கி ஒட்டுவார். முன்கை இரண்டிலும் பழைய சூட்டுத் தழும்புகள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு எழுத்து கோணிக்கொண்டு நின்றால் சந்து முனையிலிருந்தே சொல்லிவிடுவார். பீகார்க்காரர்கள் அவரைத் தங்கள் பாஷையில் மௌசி, சித்தி, என்றார்கள், மற்றவர்கள் அக்கா என்றோம். பேரை யாரும் கேட்டதில்லை. சம்பளச் சீட்டு என்று ஒன்று இருந்திருந்தால் அதில் இருந்திருக்கும். பாய் அந்த மாதிரிக் கெட்ட பழக்கமெல்லாம் இல்லாதவர்.

அக்கா அடிக்கடி சொல்லும் வார்த்தை, “நடுவுல நில்லு.” லோகல் ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டு போனால்தான் மும்பைக்காரன் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த வயசு அது. சயானில் அக்காவோடு ஏறினால் அந்த மானம் கப்பலேறிவிடும். லேடீஸ் டப்பாவுக்குப் போகாமல் எங்கள் பெட்டியில் ஏறி, காலரைப் பிடித்து உள்ளே இழுத்து, சுற்றிலும் ஆள் நிற்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவார். மாடிப்படியில் ஓரம் ஆகாது. ரோட்டில் ஓரம் ஆகாது. மாகிம் கடற்கரைக்குக் கூப்பிட்டால் வரவே மாட்டார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஒரே மகன் ரூபன், கப்பலில் சமையற்கட்டு வேலைக்குப் போனவன். ஜெனிட்டாவைக் கட்டி ஒரு மழைக்காலம்கூட முழுசாகக் கழியவில்லை. ஒரு நாள் காலையில் ஆள் எண்ணியபோது ரூபன் கப்பலில் இல்லை. முந்தின நாள் ஓரக் கம்பியில் சாய்ந்துகொண்டு சிகரெட் பிடித்ததை ஒருத்தர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. கம்பெனிக்காரர்கள் காணவில்லை என்றுதான் சொன்னார்கள், இறந்துவிட்டான் என்று சொல்லவில்லை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

ரூபன் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று போட்டிருந்தது எங்கள் பட்டறைச் சட்டை. கிங்ஸ் சர்க்கிளில் இருந்த ஒரு கல்லூரி மாணவன் ஆர்டர் கொடுத்தது. இங்கிலாந்தின் வடக்கே ஏதோ சின்ன ஊர்க் கிளப்; பச்சைச் சட்டையில் வெள்ளைக் கோடு. நடுக்களத்தில் ஆடும் ஒரு புது ஆளின் பேர், நம்பர் இருபத்தாறு. அந்தக் கிளப்பையே இங்கே யாருக்கும் தெரியாது. அந்த ஆட்டக்காரனை அவன் தெருவில் தெரிந்திருந்தாலே அதிகம். ஆர்டர் கொடுத்தவன் வாங்க வரவில்லை. சட்டை மூலையில் கிடந்தது. பாய் ஒரு நாள் அதை எடுத்து, “மகனுக்குக் கொண்டு போங்க” என்று அக்காவிடம் கொடுத்தார். ரூபனுக்குக் கிரிக்கெட்டைத் தவிர எதுவும் தெரியாது. புதுச்சட்டை, அதுவும் ஓசி, போட்டுக்கொண்டான். அந்த முதுகில் பேரையும் நம்பரையும் ஒட்டியது அக்காவின் கை. வீடு இருந்த லேபர் கேம்ப் சந்தின் முனையில் ரூபன் திரும்பிப் போனபோது அவர் கடைசியாகப் பார்த்ததும் அந்த முதுகைத்தான்.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எந்தச் சட்டை விற்கும் என்று தெரிந்துகொள்வதற்காகவே பாய் பட்டறையில் ஒரு டீவி மாட்டியிருந்தார். இங்கிலாந்தின் பெரிய கிளப் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பாதியில் ஒரு ஆளை மாற்றி வேறு ஒருவனை இறக்கினார்கள். அவன் காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். அக்கா மெஷினை இறக்கியபடியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். பின்னால் சட்டை கருகும் நாற்றம். பாய் கத்திக்கொண்டு ஓடினார்.

“இது நான் ஒட்டுன பேருல்லா,” என்றார் அக்கா.

நான் உற்றுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அதே ஆட்டக்காரன். பெரிய கிளப் அவனை விலைக்கு வாங்கியிருந்தது. நம்பர்தான் மாறியிருந்தது.

“வயசு என்ன தம்பி இவனுக்கு?”

தேடிப் பார்த்துச் சொன்னேன். ரூபனின் வயசு. அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை. முதல் ஆட்டம் எந்தத் தேதியில் ஆடினான், ரூபன் எந்தத் தேதியில் காணாமல்போனான் என்று பொருத்திப் பார்க்கும் யோசனை எனக்கு வந்தது. பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

அதிலிருந்து அவன் எங்களுக்கு ‘இருபத்தாறு’ ஆனான். அவன் உண்மையான பேரைச் சொன்னால் ஃபுட்பால் தெரிந்தவர்களில் சிலர் “ஆமாம், அப்படி ஒருத்தன் இருந்தானே” என்பார்கள். பெரிய நட்சத்திரம் கிடையாது. சுவரில் ஒட்டும் படங்களில் அவன் முகம் வராது. பின்னாலிருந்து பந்தை வாங்கி முன்னால் இருப்பவனிடம் கொடுப்பது அவன் வேலை. குழாயடியில் வரிசை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிற ஆள் மாதிரி. இருக்கும்போது தெரியாது. ஒரு ஆட்டத்தில் அவன் இல்லாவிட்டால் எல்லாம் குழம்பும்.

எங்கள் கடலோர ஊர்களில், உடல் கிடைக்காதவர்களுக்கு ஒரு முறை உண்டு. உடுத்திய துணியைப் பெட்டியில் வைத்து, பூசை வைத்து, குழிக்குள் இறக்குவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அழுகை ஒரு முடிவுக்கு வரும். கட்டியவள் வேறு வாழ்க்கையைப் பற்றி யோசிக்கலாம், ஊர் தப்பாகச் சொல்லாது. பங்குச் சாமியார் இதை மெதுவாக அக்காவிடம் எடுத்துச் சொன்னார். அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன்.

“பூசை எதுக்கு சாமி?” என்றார் அக்கா. “அவன் ஆடிக்கிட்டுல்லா இருக்கான்.”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அக்காவிடம் வேறு எந்தக் கோளாறும் கிடையாது. ரேஷன் கடையில் அவரை ஏமாற்ற முடியாது. ரூபன் இங்கிலாந்துக்காரனாக மாறிவிட்டான் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. கேட்டால், “அவன் யாரோ வெள்ளக்காரப் பய, எனக்குத் தெரியாதாக்கும்?” என்று சிரிப்பார். அடுத்த மூச்சில், “அவன் ஆடுறவரைக்கும் எம்மவன் இருக்கான்,” என்பார். கயிற்றின் இந்த முனை இங்கே இருக்கிறது, அந்த முனை அங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்வார்.

ஒரு நாள் டீவியைக் காட்டி, “இவன் ஏன் தம்பி திரும்பித் திரும்பிப் பாக்கான்?” என்று கேட்டார்.

நான் விளக்கம் சொன்னேன். நடுக்களத்து ஆட்டக்காரனுக்கு நாலு பக்கமும் ஆள் இருக்கும். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். சின்ன வயசிலேயே அதைப் பழக்கிவிடுவார்கள். நல்ல ஆட்டக்காரன் மூச்சு விடுகிற மாதிரி அதைச் செய்துகொண்டே இருப்பான்.

“அது சரி. பந்து வெளிய கெடக்கு. எல்லாவனும் தண்ணி குடிக்கான். இப்பவும் பாக்கானே?”

பார்த்தேன். எதிராளி ஒருவன் அடிபட்டுப் படுத்திருந்தான், ஆட்டம் நின்றிருந்தது. எல்லோரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். இருபத்தாறு மட்டும் ஒருமுறை இடது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தான். கொஞ்சம் கழித்து வலது தோளுக்கு மேலே. பின்னால் காலி மைதானம்தான் இருந்தது.

“பின்னால யாரோ நிக்காவ,” என்றார் அக்கா, சந்தோஷமாக.

அதற்குப் பிறகு வெகுநாள் நான் அந்த ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. என் கண்ணும் பந்தை விட்டுவிட்டது. மாட்டுங்கா மேம்பாலத்தில் தனியாக நடக்கும்போது நானே திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அக்காவுக்குக் கோல் பிடிக்காது. இப்படி ஒரு ரசிகையை எந்த நாட்டிலும் பார்க்க முடியாது. இருபத்தாறு எப்போதாவது முன்னால் ஓடிப் போய் ஒரு கோல் போட்டுவிட்டால் பாய் துள்ளிக் குதிப்பார், சட்டை விற்குமே. அக்கா வெலவெலத்துப் போவார். “இவன் எதுக்கு அங்கன போனான்? எடத்த வுட்டுப் போவலாமா?” என்பார். அதைவிடப் பயம், அவன் பக்கக் கோட்டை நோக்கி ஓடும்போது. “கோட்டுப் பக்கம் போவாதலே… போவாத… நடுவுல நில்லு,” என்று உட்கார்ந்திருக்கும் கோரைப்பாயின் ஓரத்தைக் கையால் இறுக்குவார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் புல்லும் நாற்காலியும்தான். அக்கா அங்கே கடலைப் பார்த்தார்.

பட்டறையில் எல்லோரும் அவருக்கு உண்மையில் பயப்பட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஆட்டம் எதுவும் கிடையாது. சாயங்கால டீ வருவதற்குக் கொஞ்சம் முன்பு, பள்ளிக்கூட ஜெர்சிகளுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்த அக்கா மெஷினை மேலே தூக்கினார். இறக்கவில்லை. இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

“என்ன அக்கா? கால் பிசகிட்டா?”

“எனக்கில்ல தம்பி. விழுந்துட்டான்.”

வெயிலால் வந்த மயக்கம் என்று பாய் சோடா வாங்கி வரச் சொன்னார். வீட்டுக்குப் போய்ச் செய்தி பார்த்தேன். பயிற்சியின்போது இருபத்தாறின் இடது முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. இந்த சீசன் ஆட முடியாது. இனி ஆடுவானா என்பதே சந்தேகம். அவர்கள் ஊரில் அது நடுப்பகல் பயிற்சி நேரம். இங்கே டீ வரும் நேரம். மறுநாள் இதைப் பட்டறையில் சொன்னேன். மௌசியின் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பீகார்க்காரர்கள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்கள்.

மாகிம் பக்கம் மாதா கோவிலில் புதன்கிழமை நவநாள் ஜெபத்துக்கு மும்பையே திரளும். வாசலில் மெழுகு உருவங்கள் விற்பார்கள். வீடு வேண்டுமானால் மெழுகு வீடு, பிள்ளை வேண்டுமானால் மெழுகுத் தொட்டில். கையோ காலோ சுகமாக வேண்டுமானால் அந்த உறுப்பு. அக்கா ஒரு மெழுகுக் கால் வாங்கினார். மாதாவின் காலடியில் வைத்து, தெரியாத ஊரில் படுத்திருக்கும் தெரியாத ஒருவனுக்காக முழங்காலில் நின்று அழுதார். வாராவாரம் போனார். மருமகள் ஜெனிட்டாவும் கூடவே போனாள். மாமியார் பக்கத்தில் முழங்காலிட்டு, தானும் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

ரொம்ப நாள் கழித்து அவள் என்னிடம் சொன்னாள். “நான் என்ன வேண்டினேன் தெரியுமா? அவன் எந்திரிக்கவே கூடாதுன்னு வேண்டினேன். அத்தை பக்கத்துலயே நின்னு வேண்டினேன். எனக்கு நரகந்தான்.”

ஜெனிட்டா மாட்டுங்காவில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்தாள். நன்றாகச் சிரிப்பாள், கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளை எனக்குப் பிடிக்கும். இதைச் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, ரொம்பப் பிடிக்கும். ரூபனோடு அவள் வாழ்ந்தது ஒரு மழைக்காலம்கூட இல்லை. அதற்குப் பிறகு அவள் வாழ்க்கை ஒரு வெள்ளைக்காரனின் முழங்காலில் தொங்கியது.

அந்த முழங்கால் ஆறியது. டாக்டர்கள் சந்தேகப்பட்ட ஆள் மறு சீசனில் இறங்கி ஓடினான். அக்கா பட்டறை முழுவதற்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். ஜெனிட்டா அன்று தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

கோவண்டியிலிருந்து ஒரு குடும்பம் அவளைப் பெண் கேட்டு வந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், நல்ல வேலை, நல்ல மனுஷர். அக்கா அவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. டீவியில் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. வந்தவர்கள் விஷயத்தை ஆரம்பித்ததும், “கொஞ்சம் பொறுங்க, அந்தா நிக்கான் பாருங்க, கையில பட்டை கட்டியிருக்கான்லா, அவந்தான்,” என்று காட்டினார். அந்த வருஷம் இருபத்தாறு கேப்டன் ஆகியிருந்தான். “அவன் இருக்கையில இவள நான் எப்பிடிங்க இன்னொருத்தருக்குக் குடுக்க?” என்றார். கோபமே இல்லை. அத்தனை மரியாதையாகச் சொன்னார். கோவண்டிக்காரர்கள் டீவியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். காப்பியைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்கள்.

“நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?” என்று ஜெனிட்டாவைக் கேட்டேன். ஏழு வருஷம் ஆள் காணாவிட்டால் சட்டமே இறந்ததாக எடுத்துக்கொள்ளும், சாமியார் தயாராக இருக்கிறார், மாமியாரின் கையெழுத்து எதற்கும் தேவையில்லை என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

“சட்டத்துக்குத் தேவையில்ல. எனக்குத் தேவை,” என்றாள். “அத்தை வாயால சொல்லணும். இல்லன்னா அவரைத் தள்ளிவிட்டது நானுன்னு ஆயிரும்.”

அப்போதுதான் நானும் என் ஆசையைச் சொன்னேன். “அவன் ஆட்டத்த நிறுத்தட்டும்,” என்றாள். ஒரு ஆட்டக்காரன் எப்போது ரிட்டையர் ஆவான் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை இந்தத் தாராவியில் நான் ஒருத்தன்தான். அம்மா வீட்டில் பெண் பார்க்கும் பேச்சை எடுக்கும்போதெல்லாம், அடுத்த சீசன் முடியட்டும் என்பேன். அம்மாவுக்கு நான் ஏதோ வியாபாரம் செய்கிறேன் என்று எண்ணம்.

மனுஷ உடம்பு எங்கும் ஒன்றுதான். இருபத்தாறுக்கும் வயசு ஆனது. முதலில் கடைசி நிமிஷங்களில் மட்டும் இறக்கினார்கள். அப்புறம் பெரிய கிளப் அவனை விட்டது. நடுத்தரமான ஒரு கிளப்பில் நீலச் சட்டை போட்டான். பிறகு அதற்கும் கீழே, டீவியில் காட்டாத பிரிவுக்குப் போனான். அங்கே அவனைத் தேடிப் பிடித்து என் லேப்டாப்பில் அக்காவுக்குக் காட்டுவது என் வேலை ஆயிற்று. படம் நின்று நின்று ஓடும். அவன் அசையாமல் நிற்கும்போது அக்காவும் அசையமாட்டார். தலைமுடி அங்கே அவனுக்குக் குறைந்தது, இங்கே அக்காவுக்கு நரைத்தது. ஓட்டம் குறைந்துபோனது. திரும்பிப் பார்ப்பது மட்டும் குறையவே இல்லை.

கடைசி சீசனுக்கு அவன் ஆரம்பித்த சின்ன ஊர்க் கிளப்புக்கே திரும்பிப் போனான். ஆட்டக்காரர்கள் பலர் அப்படிச் செய்வதுண்டு. அங்கே பச்சையில் வெள்ளைக் கோடு. நம்பர் இருபத்தாறு கொடுத்தார்கள். அவனே கேட்டு வாங்கியிருக்கலாம். முதல் ஆட்டத்தில் அந்தச் சட்டையோடு அவன் நடந்து வந்தபோது ஜெனிட்டா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்கா லேப்டாப்புக்குப் பக்கத்தில் போய், அந்த முதுகை ஒரு விரலால் தொட்டார்.

“சட்ட வெளுக்கவே இல்ல பாரேன்,” என்றார்.

அந்த சீசனின் முடிவோடு ஓய்வு என்று அவன் அறிவித்தான். அக்காவிடம் நான் சொன்னேன். “ம்,” என்றார். அவ்வளவுதான். அந்த ‘ம்’ எங்களுக்குப் புரிந்ததா என்றால் புரியவில்லை. கடைசி ஆட்டத்துக்குப் பங்குச் சாமியாரும் வந்து உட்கார்ந்தார், வேண்டுமென்றேதான் வந்தார். ஜெனிட்டா என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவன் நம்பரைப் பலகையில் காட்டினார்கள். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. இப்போதெல்லாம் ஒரு விதி இருக்கிறது: மாற்றப்படுகிறவன் மைதானத்தைக் குறுக்கே கடந்து நேரத்தை வீணாக்கக் கூடாது, பக்கத்தில் எந்தக் கோடு இருக்கிறதோ அதைத் தாண்டிப் போய்விட வேண்டும். அவனுக்குப் பக்கத்தில் இருந்தது, மற்ற ஆட்டக்காரர்கள் உட்காரும் பக்கத்துக்கு எதிரே இருந்த கோடு. எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு அதை நோக்கி நடந்தான்.

“கோட்டுக்குப் போறான்,” என்றார் அக்கா மெல்ல. “ஏ தம்பி, கோட்டுக்குப் போறானே.”

அவன் கோட்டைத் தாண்டினான். அந்த ஓரத்திலேயே தனியாக, கையைத் தட்டிக்கொண்டு நடந்தான். அந்த நடையில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், அக்கா கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. பிறகு ஆட்டம் தொடங்கிவிட்டது. காமிரா பந்தின் பின்னால் போனது. அவன் இடது பக்கமாகத் திரையை விட்டு வெளியே போயிருந்தான். அக்கா இடது பக்கத்துச் சுவரைப் பார்த்தார். ஆட்டம் முடிந்தது. சாமியார் ஜெபம் சொன்னார். நான் லேப்டாப்பை மூடினேன். அக்கா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. வீட்டில் கோரைப்பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் வழிந்து வெளியே வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். பாய் பழம் வாங்கிக்கொண்டு வந்து, படியிலேயே நின்றுவிட்டுப் போனார். சாமியார் குனிந்து, “பூசை வச்சிருவோமாம்மா?” என்று கேட்டார். அக்கா முதல்முறையாக மறுப்புச் சொல்லவில்லை. தலையை அசைத்தார். அசைத்ததா, நடுங்கியதா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஆனால் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு சனிக்கிழமை என்று முடிவு செய்தோம். ஜெனிட்டா பெட்டியில் வைப்பதற்கு ரூபனின் பழைய சட்டை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டாள். எனக்குத் துக்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு பூக்கடைக்குப் போய் மாலைக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாலை எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதற்காக அவர்கள் வீட்டுப் படியேறினேன். கதவு திறந்திருந்தது. நான் கீழே வரும்போதே ஜெனிட்டா என்னைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. வாசலுக்கு வந்து கையைக் காட்டி நிறுத்தினாள். கண் வீங்கியிருந்தது.

“நாளைக்கு எல்லாருமாச் சேர்ந்து அவரு முங்கிட்டாருன்னு சொல்லிருவோம்,” என்றாள் தணிந்த குரலில். “அதுக்கப்பறம் அவரு எங்க போவாரு?”

“ஜெனிட்டா, நீங்கதானே…”

“நானுந்தான் நெனச்சேன், அவன் நிறுத்திட்டா எனக்கு விடியும்னு. அந்தச் சட்டையக் காயப்போட்டுட்டுப் பாத்தேன். என்னால முடியல. அத்தைக்காகன்னு நெனைக்காதீங்க. எனக்கே முடியல.”

அவள் உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். ஜெனிட்டா அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் போனைச் சுவருக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் பிடித்தாள். கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. பச்சைத் தரையில் ஒல்லியாக ஒரு ஆள் நின்றான்; யார் என்று எனக்கே தெரியவில்லை. எந்தக் கிளப் என்றும் தெரியவில்லை. பந்து வெளியே கிடந்தது, அவன் மட்டும் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தான். எத்தனை நாளாக, யாரிடமும் கேட்காமல், தன்னந்தனியாக அவள் அவனைத் தேடினாளோ.

அக்கா கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“எத்தன வயசு ஆவுது?” என்று கேட்டார். அத்தனை நாளில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

“பத்தொன்பதுதான் அத்தை,” என்றாள் ஜெனிட்டா. “இன்னும் நெறைய வருசம் கெடக்கு.”

அக்கா கஞ்சிக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். ஜெனிட்டா ஒரு கையால் கிண்ணத்தைக் கொடுத்தாள். போனைப் பிடித்த கையை அசைக்கவில்லை. அவள் பார்வையும் அந்தப் போனில்தான் இருந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். நாளைக்குப் பூசை இல்லை என்று சாமியாரிடம் யாராவது போய்ச் சொல்லவேண்டும்.